மீந்த குடலின் கணக்கு

(திருவரங்கத்தில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

செவிலியர் கல்லூரி மாணவிகள் இத்தனை பேர் வந்திருப்பது எனக்குப் பெரிய நிறைவு.

சிறுநீரகம் செயலிழந்தால் டயாலிசிஸ் உண்டு என்பது இன்று திருச்சியில் எல்லோருக்கும் தெரியும். கல்லீரல் கெட்டுப்போனால் மாற்றிவைக்கலாம் என்பதும் தெரியும். குடல் செயலிழந்தால்? இதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் நம் பக்கத்தில் மிகக் குறைவு. அப்படியொரு நோய் இருப்பதே பலருக்குத் தெரியாது. இந்த நோயாளிகளைக் காப்பாற்ற என்ன தேவை என்று கேட்டால் மருந்து, கருவி, அறுவை அரங்கு என்று அடுக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பதிவேடு வேண்டும் என்பது என் முடிவு. அந்தப் பதிவேடு எங்கே தொடங்க வேண்டும் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

நம் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளம். ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும். நாம் உண்பதில் உடம்பில் சேர வேண்டியவற்றில் பெரும்பகுதி இதன் சுவர் வழியாகத்தான் சேர்கிறது. பாதியை வெட்டி எடுத்தாலும் பெரும்பாலோர் சமாளித்துக்கொள்வார்கள். குடலுக்கு அவ்வளவு தாராளம் உண்டு. மீதி 200 சென்டிமீட்டருக்குக் கீழே போகும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. பெருங்குடலும் இல்லாமல் சிறுகுடல் 100 சென்டிமீட்டருக்கும் குறைவாக நின்றுவிட்டால், வாயால் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு வற்றிக்கொண்டே போகும். உணவும் நீரும் உப்பும் இரத்தக்குழாய் வழியாகவே போக வேண்டும். இந்த நிலை சில நாளில் தீர்ந்தால் ஒரு வகை. சில மாதம் நீடித்தால் இன்னொரு வகை. ஆண்டுக்கணக்கில் நீடிப்பதையே நாட்பட்ட குடல் செயலிழப்பு என்கிறோம்.

லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது நாற்பதுக்குள். வயிற்றுவலி. கேஸ் என்று நினைத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி இரண்டு நாள் தள்ளுகிறார். மூன்றாம் நாள் வயிறு பலகைபோல் இறுகிவிடுகிறது. புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள். குடலுக்குப் போகும் இரத்தக்குழாயில் இரத்தம் கட்டியாக உறைந்து அடைத்திருக்கிறது. நடு இரவில் வயிற்றைத் திறந்தால் குடல் கறுத்துக் கிடக்கிறது. 'குடல் அழுகிப் போச்சு, எடுத்துட்டாங்க' என்று வெளியே உறவினர்கள் பேசிக்கொள்வது இதைத்தான். அவர் உயிர் பிழைக்கிறார். அந்த இரவில் அறுவை செய்தவர்கள் செய்தது சரியான, அரிய வேலை.

அதன் பிறகு என்ன நடக்கும்? சாப்பிட்டது சாப்பிட்டபடி வெளியேறும். நீர் வற்றி மயங்குவார். டிரிப் ஏற்றினால் எழுந்து உட்காருவார். வீட்டுக்குப் போனதும் மறுபடி மயக்கம். ஒருமுறை பெரியாஸ்பத்திரி, ஒருமுறை தில்லைநகரில் ஒரு தனியார் மருத்துவமனை, ஒருமுறை தஞ்சாவூர். நிலத்தை அடகு வைத்து ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸில் சென்னைக்கும் போய் வருவார்கள். ஒவ்வோர் இடத்திலும் புதிய ஓ.பி. சீட்டு, புதிய எண், புதிய கேஸ் ஷீட். எட்டு மாதத்தில் அவர் இறந்துபோனால் சான்றிதழில் கிருமித்தொற்று என்றோ இதயம் நின்றது என்றோ இருக்கும். குடல் செயலிழந்து இறந்தார் என்று எந்த ஏட்டிலும் இருக்காது. இப்படி ஒருவர் வாழ்ந்தார், போராடினார் என்பதே நாட்டின் மருத்துவக் கணக்கில் ஏறாமல் போய்விடும். இது நான் கற்பனையாகச் சொல்லும் ஆள். ஆனால் அறுவை மருத்துவத்தில் இருக்கும் எவரும் இவரை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

திருவரங்கத்தில் நின்று பேசுவதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய கோயிலில் தன்வந்திரி சந்நிதியை நீங்கள் எல்லோரும் சேவித்திருப்பீர்கள். அந்தக் கோயிலின் சிதைந்து கிடந்த ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்த செய்தியைச் சக ஆண்டு 1415, அதாவது கி.பி. 1493-ஐச் சேர்ந்த கல்வெட்டு சொல்கிறது. அதற்கும் நானூறு ஆண்டுகளுக்கு முன்பு, காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை என்னும் மருத்துவமனையைப் பதிந்திருக்கிறது. மருத்துவர் இத்தனை, அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவருபவர், அவரவருக்கு நெல் எவ்வளவு, இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் எவை என்று எல்லாம் இருக்கிறது. உலகமே வியக்கத்தக்க ஆவணம் அது. ஆனால் அந்த 15 படுக்கைகளில் படுத்தவர்கள் யார், என்ன நோயோடு வந்தார்கள், எத்தனை பேர் நடந்து வீட்டுக்குப் போனார்கள் என்று எந்தக் கல்லிலும் இல்லை. கொடுத்தவர் பெயரும் செய்தவர் பெயரும் நிலைத்தன. வந்தவர் நிலை தெரியாமலே போயிற்று. அன்று அந்தக் கேள்வி இங்கே எழவில்லை போலும். இன்று கேட்காமல் இருக்க நமக்கு நியாயம் இல்லை.

குடல் இல்லாமல் ஒருவர் வாழ முடியும் என்பது 1968-இல்தான் நம்பத்தக்க செய்தி ஆயிற்று. அமெரிக்காவில் ஸ்டான்லி டட்ரிக்கும் அவருடைய குழுவினரும் நாய்க்குட்டிகளையும், பிறகு ஒரு பச்சிளங்குழந்தையையும், முழுக்க இரத்தக்குழாய் வழி ஊட்டத்திலேயே வளர்த்துக் காட்டினார்கள். அடுத்த அடி வீட்டுக்கு அனுப்புவது. 1970-இல் கனடாவின் டொரொன்டோ நகரில் ஜூடி டெய்லர் என்ற பெண்ணுக்குக் குடல் அழுகிப் போயிற்று. அவருக்குச் சிகிச்சை அளித்தவர் குர்ஷீத் ஜீஜீபாய். நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தவர் அவர். இரவில் குழாயை மாட்டிக்கொண்டு தூங்குவது, பகலில் கழற்றிவிட்டு வீட்டு வேலையைப் பார்ப்பது என்று அந்தப் பெண்ணுக்கு ஒரு வாழ்க்கையை அவர் அமைத்துக் கொடுத்தார். ஜூடி டெய்லர் அப்படி 20 ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஜீஜீபாயின் இன்னொரு பணி என் பேச்சுக்கு மிகவும் நெருக்கமானது. நீண்ட நாள் இந்த ஊட்டத்தில் இருந்த ஒரு நோயாளிக்கு இரத்தத்தில் சர்க்கரை கூடியது. கைகால் நரம்புகள் தளர்ந்தன. காரணம் தெரியவில்லை. என்ன உள்ளே போகிறது, என்ன வெளியே வருகிறது என்று ஒவ்வொன்றையும் அளந்து எழுதிப் பார்த்ததில், ஊட்டக் கரைசலில் குரோமியம் என்ற தாது இல்லாததே காரணம் என்று 1977-இல் தெரியவந்தது. சேர்த்தார்கள், சரியாயிற்று. அதன் பிறகு அது மற்ற நோயாளிகளின் கரைசலிலும் இடம் பெற்றது. ஒருவரைப் பற்றி ஒழுங்காக எழுதிவைத்ததன் பலன் அது. இந்த நோய் அரிது. எந்த மருத்துவமனைக்கும் ஆண்டுக்குச் சிலரே வருவார்கள். ஆகவே பல ஊர்களில் பிரிந்து கிடப்பவர்களை ஒரே ஏட்டில், ஒரே விதமான கேள்விகளோடு, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எழுதினால்தான் பொதுவான உண்மைகள் வெளிப்படும். நோயாளர் பதிவேடு என்பது இதுதான்.

குடல் மாற்று அறுவைக்கு வருவோம். 1960-களிலேயே முயன்றார்கள், நிலைக்கவில்லை. குடல் மற்ற உறுப்புகளைப் போன்றதல்ல. அதன் சுவர் முழுக்க நோய் எதிர்ப்பு அணுக்கள் நிறைந்திருக்கின்றன. உள்ளே கோடானுகோடி கிருமிகள். ஆகவே உடம்பு அதை மறுப்பதும், தொற்று பரவுவதும் அதிகம். டாக்ரோலிமஸ் என்ற மருந்து 1990-ஐ ஒட்டி வந்த பிறகே இது நடைமுறைக்கு வந்தது. அறுவைக்குப் பின் வயிற்றில் திறந்து வைத்த குடல்வாய் வழியே அடிக்கடி குழாய் விட்டுத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். மாதக்கணக்கில் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும். இந்தியாவில் 2010-களின் தொடக்கத்தில் இது தொடங்கியது. தில்லியை அடுத்த குருகிராமிலும், கொச்சியிலும், சென்னையிலும் செய்தார்கள். சென்னையில் அனில் வைத்யாவின் குழுவினர் குடலோடு பல உறுப்புகளைச் சேர்த்தே மாற்றும் அறுவைகளையும் செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு இது பெருமை என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

உலகம் முழுவதும் இப்படி மாற்றப்பட்ட குடல்களின் கணக்கு 1985 முதல் ஒரு பன்னாட்டுப் பதிவேட்டில் இருக்கிறது. 2015-இல் வெளியான அதன் அறிக்கை 82 மையங்களில் 2,699 பேருக்குச் செய்த 2,887 அறுவைகளைப் பற்றிச் சொன்னது. ஓராண்டு கடந்து உயிரோடு இருந்தவர்கள் 100-க்கு 76, ஐந்தாண்டில் 56, பத்தாண்டில் 43. முதல் ஆண்டில் குடல் இழப்பு குறைந்திருக்கிறது, அதற்குப் பிறகான இழப்பு குறையவில்லை என்று அது வெளிப்படையாகச் சொன்னது. பெருங்குடலின் ஒரு பகுதியையும் சேர்த்து வைத்தவர்களுக்கு நிலைமை மேலாக இருந்தது, வீட்டிலிருந்தபடி அறுவைக்குக் காத்திருந்தவர்கள் மருத்துவமனையில் கிடந்து காத்திருந்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள் என்பவையும் அதில் தெரிந்தன. எந்தத் தனி மருத்துவமனையின் ஏட்டிலும் இவற்றைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆனால் அந்தப் பதிவேட்டின் வாசல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அறுவை அரங்கின் கதவில் இருக்கிறது. மாற்று அறுவை நடந்தவர்தான் அதற்குள் நுழைய முடியும். நம் லால்குடிக்காரர் அதில் இல்லை. காத்திருந்து இறந்தவர் இல்லை. பரிந்துரைக்கே போகாதவர் இல்லை. அறுவை இல்லாமலே தேறியவரும் இல்லை. மாற்று அறுவை நல்லதா என்று அறிய வேண்டுமானால் அது நடக்காதவர்கள் என்ன ஆனார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். இந்தக் குறையை உணர்ந்துதான், குடல் செயலிழந்த நாளிலிருந்தே பின்தொடரும் பன்னாட்டுப் பதிவேடு ஒன்றைக் குழந்தைகளுக்காகத் தொடங்கினார்கள்.

ஐரோப்பாவில் இரு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. வீட்டில் ஊட்டம் பெற்று, மாற்று அறுவை தேவைப்படாத நிலையில் இருந்தவர்களில் ஐந்தாண்டில் 100-க்கு 87 பேர் உயிரோடு இருந்தார்கள். ஊட்டமே ஒத்துக்கொள்ளாமல் கல்லீரல் கெடுவது போன்ற சிக்கல்களில் மாட்டியவர்களில் 73 பேர். மாற்று அறுவை செய்துகொண்டவர்களில் 54 பேர். ஆகவே முதலில் வீட்டு ஊட்டம், அது கைவிட்டால்தான் அறுவை என்பது அங்கே வழக்கமாயிற்று. அமெரிக்காவிலும் அப்படியே. அங்கே 2007-இல் 198 குடல் மாற்று அறுவைகள் நடந்தன. குழந்தைகளின் பராமரிப்பு மேம்பட மேம்பட அந்த எண்ணிக்கை பாதியளவுக்கு இறங்கிவிட்டது. யாருக்கு அறுவை தேவை என்று 2001-இல் வகுத்த அளவுகோல்களை 2019-இல் மாற்றினார்கள். பழைய கணக்குப்படி அறுவைக்கு உரிய குழந்தைகள் பலர் அறுவை இல்லாமலே வளர்கிறார்கள் என்று பதிவுகள் காட்டியதே அதற்குக் காரணம்.

இந்த 87-ஐயும் 54-ஐயும் அப்படியே தூக்கிவந்து திருச்சியில் வைக்க முடியாது. அங்கே வீட்டு ஊட்டத்தை அரசோ காப்பீடோ தருகிறது. செவிலியர் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிறார். இங்கே அந்தக் கரைசல் பையை நாள்தோறும் வாங்குவது நடுத்தரக் குடும்பத்தையே சாய்த்துவிடும். கலந்து தயாரித்த கரைசல் குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மின்சாரம் போனால் அவ்வளவுதான். குழாயில் ஒரு சின்ன அசுத்தம் சேர்ந்தால் இரத்தம் முழுக்கக் கிருமி. ஆகவே வீட்டு ஊட்டமா மாற்று அறுவையா என்ற ஐரோப்பியக் கேள்வி நமக்கு வேறு உருவில் வருகிறது. ஊட்டமே கிடைக்காத ஊரில் ஒருவர் எத்தனை நாள் தாங்குகிறார்? யாருக்குச் சீக்கிரமே அறுவை செய்துவிடுவது நல்லது? எத்தனை பேர் உப்பு-சர்க்கரைக் கரைசலையும், மாற்றி அமைத்த உணவையும், வாரம் மூன்று டிரிப்பையும் வைத்தே பிழைத்துக்கொள்கிறார்கள்? இவற்றுக்கு விடை சொல்ல வேறு நாட்டுக் கணக்கு உதவாது.

பதிவேடு நடத்துவது நமக்குப் புதிய வித்தையும் அல்ல. 1963-இல் பம்பாயில் நாட்டின் முதல் புற்றுநோய்ப் பதிவேடு பிறந்தது. 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னையில் அடையாறு புற்றுநோய் நிறுவனம் ஒன்றை நடத்திவருகிறது. அந்தப் பணியாளர்கள் தகவல் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. மருத்துவமனை மருத்துவமனையாகப் போய் எழுதி எடுத்தார்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். அதனால்தான் சென்னையில் கருப்பைவாய்ப் புற்றுநோய் குறைந்து மார்பகப் புற்றுநோய் கூடுவதை உறுதியாகச் சொல்ல முடிந்தது. பிறகு அந்தப் பணி மாநிலம் முழுமைக்கும் விரிந்தது. சிறுநீரகத்துக்கு 2005-இல் தொடங்கிய இந்தியப் பதிவேடு 52,273 பேரின் விவரத்தை 2012-இல் வெளியிட்டது. அவர்களில் 100-க்கு 16 பேருக்கு நோய் எதனால் வந்தது என்றே தெரியவில்லை என்ற செய்தி அங்கிருந்துதான் வந்தது. பெரும் பணி அது. ஆனால் சேரும் நாளில் எழுதியதோடு நின்றது, ஆண்டுதோறும் பின்தொடரவில்லை. குடலுக்கு ஒன்று தொடங்கும்போது அந்த இடத்தில் நாம் இன்னும் ஓரடி போக வேண்டும்.

உறுப்பு தானத்தில் தமிழ்நாட்டின் கதை உங்களுக்குத் தெரிந்ததே. 2008-இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவர் தம்பதி தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தது மாநிலத்தையே உலுக்கியது. அதே ஆண்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளுக்கான அரசுத் திட்டம் வந்தது. பின்னர் உறுப்பு மாற்று ஆணையம் அமைந்தது. 2024-இல் மட்டும் 268 பேரின் குடும்பங்கள் தானம் செய்தன. வரிசைமுறை ஏட்டில் இருப்பதால்தான் மக்கள் நம்பிக் கொடுக்கிறார்கள். 2011-இல் திருத்திய மத்தியச் சட்டமும் கொடுத்தவர், பெற்றவர் இருவருக்கும் தேசியப் பதிவேடு வேண்டும் என்கிறது. ஆனால் அதுவும் கொடுத்தவரிலும் பெற்றவரிலும் நின்றுவிடுகிறது. வரிசைக்கே வராதவர் கணக்கு யாரிடமும் இல்லை.

ஆகவே நம் பதிவேட்டின் வாசல் குடலை இழந்த இடத்தில் இருக்க வேண்டும். புத்தூர் பெரியாஸ்பத்திரியின் அவசர அறுவை அரங்கில், தஞ்சாவூரில், மதுரையில். புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், கரூர் என்று சுற்றுவட்டம் முழுக்கத் திருச்சியை நம்பி வருவதால் இங்கே தொடங்குவது பொருத்தம்.

என்ன எழுத வேண்டும்? ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அறுவைக் குறிப்பில் எவ்வளவு குடலை எடுத்தோம் என்று எழுதுகிறோம்; எடுத்ததை அளந்து நோய்க்கூறு ஆய்வகமும் எழுதுகிறது. எவ்வளவு குடலை விட்டுவைத்தோம் என்பதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. ஒவ்வொருவர் குடலும் வெவ்வேறு நீளம் என்பதால் எடுத்ததைக் கழித்து மீதியைக் கண்டுபிடிக்கவும் முடியாது. நோயாளியின் எதிர்காலம் முழுவதும் அந்த மீதியில் இருக்கிறது. எத்தனை சென்டிமீட்டர், மேல்பகுதியா கீழ்ப்பகுதியா, பெருங்குடல் இணைந்திருக்கிறதா என்று மூன்று வரி. அரங்கில் ஒரு நூலை வைத்து அளந்தால் சில நிமிட வேலை. நள்ளிரவில், இரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும்போது, அந்தச் சில நிமிடம்கூடக் கடினம் என்பதை நானறிவேன். அப்படியும் அது எழுதப்பட்டே ஆக வேண்டும்.

மற்றவை தொடரும்: காரணம் இரத்தக்கட்டியா, குடல் முறுக்கா, விபத்தா, பிறவிக்குறையா, எடை, எத்தனை நாள் டிரிப், எத்தனை முறை குழாய்த் தொற்று, கல்லீரல் நிலை, இறந்தால் எப்போது, எங்கே. நோயாளியே சொல்லும் விவரமும் வேண்டும். அவர் வேலைக்குப் போகிறாரா, இரவில் தூங்குகிறாரா, உறவினர் திருமணத்தில் பந்தியில் உட்காருகிறாரா என்பதெல்லாம் ஆய்வுக்கு உரிய செய்திகளே. குழந்தைகளின் குடல் பல ஆண்டுகள் வளர்ந்து தன்னைத் தகவமைத்துக்கொள்ளும். ஆகவே குழந்தைகள் வார்டிலிருந்து பெரியவர்கள் வார்டுக்கு மாறும் வயதில் அவர்கள் ஏட்டிலிருந்து நழுவிவிடக் கூடாது. கர்ப்பிணிக்குப் பிக்மி எண் கொடுத்து, எந்த ஊரில் பிரசவம் ஆனாலும் பின்தொடரும் மாநிலம் இது. அந்தப் பழக்கம் இங்கேயும் கைகொடுக்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வயிற்றுவழி டயாலிசிஸ் பைகள் வீட்டுக்கே போகின்றன. குடல் செயலிழந்தவர்களுக்கு ஊட்டப் பைகளையும் அப்படிக் கொண்டுசேர்க்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எத்தனை வீட்டுக்கு என்று கேட்கும் நிதித்துறைக்குச் சொல்ல நம்மிடம் எண் இல்லை. பதிவேடு வந்தால் இருக்கும்.

இதற்கென்று சம்பளம் பெறும் ஆட்கள் வேண்டும். பயிற்சி மருத்துவர்களின் தலையில் கூடுதல் சுமையாக வைத்தால் இரண்டே ஆண்டில் ஏடு காலியாகிவிடும். தன் முடிவுகள் மோசமாக இருக்கும் மருத்துவமனை கணக்குக் கொடுக்கத் தயங்கும். அதனால் பதிவு கட்டாயமாக வேண்டும், அவ்வப்போது சரிபார்ப்பும் வேண்டும். நோயாளியின் அச்சமும் நியாயமானது. பெண்ணுக்கு இப்படியொரு நோய் என்று தெரிந்தால் வரன் அமையுமா என்று ஒரு தாய் கேட்பார். பெயரைப் பிரித்துப் பூட்டிவைத்து எண்ணை மட்டும் ஆய்வுக்குக் கொடுக்கும் முறை இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஒப்புதல் படிவம் படித்தால் புரியும் தமிழில் இருக்க வேண்டும். வேண்டாம் என்றவருக்கும் அதே சிகிச்சை கிடைக்கும் என்று அதில் முதல் வரியாக எழுத வேண்டும். ஆண்டுக்கொருமுறை அந்த ஏடு என்ன கண்டது என்பதை நோயாளிகளுக்கே திருப்பிச் சொல்லவும் வேண்டும்.

பதிவேடு அரசாணையாக வரும் நாள் வரட்டும். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது குடலில் அறுவை நடந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கும்போது, 'டாக்டர், எவ்வளவு குடல் மீதி இருக்கு? அதையும் இதில எழுதிக் கொடுங்க' என்று கேளுங்கள். செவிலியர் மாணவிகளே, நாளை நீங்கள் அரங்கில் நிற்கும்போது, வயிற்றை மூடும் முன் அந்த அளவைக் கேட்டு எழுதுங்கள். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்புங்கள்.